வெருளிக்குப் போட்ட தலைக்கவசம்

தம்பி,

நீ மேசையில் வைத்துவிட்டுப் போன திறப்பு விழா அழைப்பிதழை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். குத்துவிளக்கின் முதல் திரியை நான் ஏற்றுவேன் என்று என் பெயருக்கு நேரே அச்சடித்திருக்கிறாய். நான் வரமாட்டேன். அம்மா கோபத்தில் இருக்கிறா, இரண்டு நாள் விட்டால் ஆறிவிடுவா என்று நீ உன் மனைவிக்குச் சொல்லியிருப்பாய். கோபமென்றால் ஆறும். எனக்கு இருப்பது அருவருப்பு. சோற்றில் மயிரைக் கண்டவள் அதை எடுத்துப்போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட முடியாதது போல, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன்னைப் பற்றி நினைக்கத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுகிறேன். உன் மேசையில் ஒட்டிய கடிதங்கள் எத்தனை மாதம் பிரிக்கப்படாமல் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் இதைத் திறந்தே எழுதுகிறேன். ஒரு பிரதி உனக்கு, ஒரு பிரதி பத்திரிகை அச்சுக்கு. இந்தக் குடாநாட்டில் தகர வேலிக்குள் எழும்பும் கட்டடம் உன்னுடையது மட்டுமல்ல, மகனைக் கொந்திராத்துக்காரன் என்று சொல்லிப் பெருமைப்படும் தாயும் நான் மட்டுமல்ல.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீ விறாந்தையில் இருந்து உன் மேற்பார்வையாளன் சிவாவோடு கதைத்தாய். நான் உள்ளே யன்னலடியில் இருந்தேன். எனக்கு எழுபத்தெட்டு வயது, காது கேளாது என்று நீங்கள் இருவரும் முடிவு செய்திருந்தீர்கள். என் முழங்கால்தான் பழுது. காது நன்றாக இருக்கிறது.

"யோகன் மேலை நிண்டு பீடி பத்தினவன், அதாலைதான் நெருப்பு எண்டு போட்டால் அலுவல் முடிஞ்சுது" என்றாய் நீ.

"அண்ணை, யோகன் பீடி பத்துறேல்லை. வெத்திலை கூடப் போடாத மனுசன்."

"உன்னட்டை ஆர் கேட்டது? வாட்டிலை கிடக்கிறவன் எழும்பி வந்து இல்லையெண்டு சொல்லப்போறானே? வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணைக்கு வருகினம். நீயும் நானும் கையெழுத்து வைச்சால் சரி."

சிவா "ஓம் அண்ணை" என்றான். அந்த 'ஓம்' என்ற சொல்லை நான் என் வாழ்க்கையில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். கலியாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோது நானே சொல்லியிருக்கிறேன். இவ்வளவு அழுக்காக அது எனக்கு என்றும் கேட்டதில்லை.

நீங்கள் அப்படி எழுதிக் கொடுக்கும் கடதாசி ஏற்றுக்கொள்ளப்பட்டால் யோகனுக்குச் சேர வேண்டிய நட்டஈடு போய்விடும் என்பது ஒருபக்கம். கட்டடத்துக்கு நெருப்பு வைத்தவன் என்ற பெயரோடு அவனை நாளைக்கு எந்தத் தளத்தில் ஏறவிடுவார்கள்? குருநகரில் படகு இயந்திரங்களுக்கு இரும்பு ஒட்டி, வெல்டிங் செய்து பழகி, இருபது வருடம் அந்த ஒரு தொழிலில் பெயரெடுத்தவன் அவன். எரிந்த கைகள் ஆறினாலும் அந்தப் பெயர் ஆறாது. நீ பறிக்கப்போவது அதைத்தான்.

நெருப்பு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன். அதில் என் பங்கும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு உனக்குப் புத்தி சொல்ல நான் வரவில்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நீ கட்டிய மாணவர் விடுதி மூன்றாவது மாடிக்கு எழும்பியபோது, அந்த ஒழுங்கையில் அதைவிட உயரமாக எதுவும் இருக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அடுத்த காணிக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மூண்டு மாடி அக்கா! பலாலி றோட்டிலை போற பஸ்ஸிலை இருந்து பார்த்தாலும் தெரியுது. போற வாற எல்லாற்றை கண்ணும் அதிலைதான். ஒரு வெருளி கூடக் கட்டாமல் விட்டிருக்கிறியளே?" என்றா. நீ சிரித்தாய். "அம்மா, கொன்வென்டிலை படிச்சனீங்கள், நீங்களுமோ?" என்று என்னைக் கேட்டாய். கண்ணூறை நான் நம்புகிறவள் அல்ல. ஆனால் எங்களைப் பார்த்து மற்றவர்கள் கண் வைக்கிறார்கள் என்று ஒருத்தி சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கண்ணூறுக்கு வைக்கோல் பொம்மை செய்து வெருளி கட்டினால்தானே கண் வைக்கும்படியாக எங்களிடம் ஏதோ இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும்! உண்மை அதுதான். எழுத வெட்கமாக இருக்கிறது.

நான் எதையும் அரைகுறையாகச் செய்து பழகாதவள். உன் அப்பா தொழிற்சாலைக்குப் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டையையும் காற்சட்டையையும் பெட்டியிலிருந்து எடுத்தேன். மூன்று நாள் இருந்து வைக்கோலை நெருக்கித் திணித்து, விளிம்பெல்லாம் இரட்டைத் தையல் போட்டேன். மழைக்கு ஊறாமல் இருக்க உள்ளே பொலித்தீன் சுற்றினேன். தலைக்கு ஒரு பழைய பானை. நீ அதற்கு மேலே தளத்தில் கிடந்த மஞ்சள் தலைக்கவசம் ஒன்றை எடுத்து வைத்தாய், கைகளுக்குத் தோல் கையுறையும் மாட்டினாய். படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினாய். கீழே நின்ற மேசன் ஒருவன், "பெரிய ஐயாவுக்குத் தொப்பி, எங்களுக்கு வெயில்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தத் தளத்தில் அன்று தலைக்கவசமும் கையுறையும் போட்டிருந்த ஒரே ஆள் அந்த வைக்கோல் பொம்மைதான், தம்பி. மற்றவர்கள் இறப்பர் செருப்போடு சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அன்று நான் கண்ணை மூடிக்கொண்டு வரவில்லை. கொன்வென்டில் படித்த காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள், நெருப்பு அணைக்கவென்று படிக்கட்டடியில் வைத்திருக்கும் சிவப்பு வாளிகளின் மணலைக் கையால் அளைந்து பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் காய வைக்க வேண்டும், மாங்கொட்டையும் மயிர்க்கிளிப்பும் கிடந்தால் போட்டவளைத் தேடிப் பிடிக்க வேண்டும். சங்கீத வகுப்புக்குப் பிந்தினாலும் மதர் மன்னிப்பா, மணலைப் பார்க்காமல் பார்த்தேன் என்று சொன்னவளை மன்னிக்கமாட்டா. அந்தப் பழக்கத்தில் உன் தளத்திலும் எல்லாவற்றையும் பார்த்தேன். இரண்டாம் மாடிப் பல்கணியில், வெருளி தொங்கப்போகும் இடத்துக்கு நேரே கீழே, விடுதிக்கு வாங்கிய மெத்தைகள் பொலித்தீன் உறையோடு அடுக்கியிருந்தன. அவற்றோடு பூச்சுக்காரரின் தின்னர் தகரங்கள், இரண்டுக்கு மூடி இல்லை. படியில் பலகை அடுக்கு, ஒரு ஆள் பக்கவாட்டாகத்தான் போகலாம். ஆறு தீயணைப்புச் சிலிண்டர்களும் களஞ்சிய அறையில், பொலித்தீன் கூடக் கழற்றாமல், பூட்டுக்குள். பூச்சு தெறித்து அழுக்காகிவிடும், சான்றிதழுக்கு ஆள் வரும்போது புதுசாகத் தொங்கவிடலாம் என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதுவும் சரிதான்" என்றேன். பக்கத்தில் அந்த மதில்காரி நின்றாள். அவள் முன்னால் உன்னைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என் பிள்ளையின் கட்டடத்தில் குறை இருக்கலாமா? வெருளியின் சட்டைப் பொத்தான் கோணலாக இருந்தது. அதை மட்டும் நேராக்கிவிட்டு வந்தேன்.

மூன்று கிழமை கழித்து அது எரிந்தது. மூன்றாம் மாடிக் கைப்பிடிக் கம்பியை யோகன் பதினொன்றரை மணிக்கு ஒட்டி முடித்தான். எல்லோரும் தேத்தண்ணிக்கு இறங்கினார்கள். அவன் விளிம்புகளைத் தேய்த்து மழுமழுப்பாக்கவென்று மேலேயே நின்றான். ஒட்டும்போது விழுந்த பொறி ஒன்று அந்தப் பெரிய ஐயாவின், வெருளியின், கழுத்துக்குள் போயிருக்கிறது. இருபது நிமிடம் வெளியே தெரியாமல் உள்ளேயே கனன்று, பிறகு ஒரேயடியாகப் பற்றி, கயிறு அறுந்து மெத்தைகளின் மேல் விழுந்தது. படி முழுக்கக் கரும்புகை. களஞ்சிய அறைப் பூட்டின் திறப்பு சிவாவின் சட்டைப்பையில். சிவாவோ நீ அனுப்பித் திறப்பு விழா அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுக்க யாழ்ப்பாண நகரத்துக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த பிள்ளைகள் கிணற்றிலிருந்து வாளி வாளியாகக் கொண்டு ஓடி வந்தார்கள். உன் தளத்துக் கிணற்றில் மோட்டர் இருந்தது, அதற்கு வயர் இல்லை, ஒட்டு வேலைக்கென்று மேலே கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் அலவாங்கால் பூட்டை உடைத்துச் சிலிண்டர்களை எடுத்தால், எப்படி இயக்குவது என்று உன் ஆட்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு பெண்பிள்ளை அதில் ஒட்டியிருந்ததை உரத்து வாசிக்க, ஒரு பெடியன் ஊசியை இழுத்து அடித்தானாம். எரிகிற கட்டடத்துக்கு முன்னால் நின்று பாடம் வாசிக்க வேண்டிய நிலை! அதற்கிடையில் படியால் வர முடியாத யோகன் வெளிச் சாரத்தால் இறங்கினான். சாரம் கட்டிய நைலோன் கயிறு உருகி அவன் இரண்டு உள்ளங்கையிலும் ஒட்டிக்கொண்டது.

நீ அன்று அழுதாய். அதை நான் மறுக்கவில்லை. உன் வாகனத்திலேயே அவனை ஏற்றிக்கொண்டு போனாய். அடுத்த நாள் பழமும் கொண்டு போனாய். அதற்கு அடுத்த நாள் சுவருக்கு வெள்ளை அடிக்க ஆள் விட்டாய். கரி மறைந்த வேகத்தில் உன் அழுகையும் போய்விட்டது.

உனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது நடந்ததை இப்போது சொல்ல வேண்டும். எங்கள் படலையின் கீல் உடைந்து, அப்பா ஒருவரைக் கூப்பிட்டு ஒட்டுவித்தார். சின்ன வேலை, கால் மணித்தியாலத்தில் முடிந்தது. அன்று அளவெட்டியில் என் தங்கையின் நிச்சயதார்த்தம். நான் சேலை உடுத்து, உன்னை வெளிக்கிடுத்தி, தட்டத்தோடு நிற்கிறேன். அவர் படலையடியில் கதிரையைப் போட்டுப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரையும் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறார். "அரை மணித்தியாலம் பொறு" என்றார். "நெருப்பு எப்பவோ அணைஞ்சுது, எழும்பி வாருங்கோ" என்றேன். "எரியிற நெருப்பை எல்லாரும் பாப்பினம். அணைஞ்ச நெருப்புக்குத்தான் காவல் வேணும்" என்றார். அவருடைய தொழிற்சாலையில் அது சட்டம். ஒட்டு வேலை முடிந்தபின் அரை மணித்தியாலம் ஒருவன் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. நகர்ந்தவனுக்கு அடுத்த நாள் வேலை இல்லை. எனக்கு ஆத்திரம். உன்னைப் பார்த்து, "உங்கடை அப்பா என்னைக் கட்டேல்லை, தண்ணி வாளியைத்தான் கட்டினவர்" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நிச்சயதார்த்த வீட்டில் எல்லோருக்கும் அதைச் சொல்லிக் காட்டினாய். அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு பல வருடம் அது எங்கள் வீட்டுப் பகிடியாக இருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. நான் உள்ளே போய் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, யன்னலால் கண்டேன். படலையடியில் குவிந்திருந்த மாஞ்சருகுக்குள்ளிருந்து மெல்லிய புகை எழும்பியது. அவர் எழும்பி, வாளியைச் சரித்து, காலால் கிளறிப் பார்த்து, மறுபடியும் வந்து இருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. அந்தச் சருகுக்குப் பக்கத்தில் கிடுகு வேலி, வேலிக்கு அப்பால் மாட்டுக்கொட்டில். நான் அதை உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னால் அவர் சரி, நான் பிழை என்று ஆகிவிடும். அவர் செத்த பிறகாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை. காவல் இருக்கும் மனிதனைப் பார்த்துச் சிரிக்க உன்னைப் பழக்கியவள் நான். உன் தளத்தில் அரை மணித்தியாலம் நிற்க ஒரு ஆள் இல்லாமல் போனதற்கு வேர் அங்கே இருக்கிறது. என்னைப் பற்றியும் எனக்கு அருவருப்புத்தான்.

திங்கட்கிழமை ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. யோகனின் கைகள் இரண்டும் மணிக்கட்டு வரை கட்டு. அவனுடைய மனைவி ஸ்ரெல்லா கரண்டியால் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி இருக்கையைத் தந்தாள். "உங்கடை மகன் நல்லவர் அம்மா. எல்லாம் தான் பாக்கிறன், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ எண்டவர்" என்றாள். நான் என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

யோகன்தான் பேச்சை எடுத்தான். "அம்மா, நான் அண்டைக்குக் காலமை உங்கடை மகன் சேரிட்டைக் கேட்டனான். பொறி விழும், அந்த வெருளியைக் கழட்டிப்போட்டு ஒட்டட்டோ எண்டு. கீழை ஒராளை நிப்பாட்டித் தாங்கோ எண்டும் கேட்டனான். 'ஆக்கள் இல்லை, திறப்பு விழாவுக்கு நாள் வைச்சாச்சு. வெருளியைத் தொடாதை, அம்மா தன்ரை கையாலை செய்து தந்தது' எண்டார்."

"அது நான் தைச்சதுதான்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். முகத்தோல் இழுபட, வலித்துக்கொண்டு சிரித்தான். "நல்லாத்தான் தைச்சிருக்கிறியள் அம்மா. அது பத்தேக்கை விழுத்த நான் காலாலை உதைச்சும் பாத்தனான், ஒரு தையல் விடேல்லை."

"சும்மா இரப்பா, பெரியாக்களோடை பகிடி" என்று ஸ்ரெல்லா அவனை அதட்டினாள். பிறகு என்னிடம், "இந்தக் கை ஆற ஒரு வருசமெண்டாலும் ஆகுமாம். ஆனால் தொழில் கையிலை இருக்குத்தானே அம்மா, திரும்பி வந்திடும்" என்றாள். நீ எழுதப்போகும் கடதாசி பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. நீ அவர்களின் கட்டிலடியில் பழத்தை வைத்துவிட்டு, வீட்டில் வந்திருந்து பீடியைத் தேடியிருக்கிறாய். தம்பி, என் அருவருப்பு இதில்தான். கவனயீனத்தால் ஒருவனை நெருப்பில் சுட்டவனை நான் மகன் என்று சொல்வேன். நானும் அதில் பாதி. சுட்டுவிட்டு, அவன் எழும்ப முடியாது என்று கணக்குப் பார்த்து, அவன் வாயில் பீடி வைப்பவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

நீ இன்னும் கட்டடம் கட்டுவாய். உன்னிடம் வேலை இருக்கிறது, வயது இருக்கிறது. அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். முதல் கல்லை இறக்குவதற்கு முன்னால் தண்ணீர் வர வேண்டும், அந்த மோட்டரின் வயரை எவனும் கழற்றக்கூடாது. சிலிண்டர் படியடியில், உறை இல்லாமல், கை எட்டும் உயரத்தில் தொங்க வேண்டும். பூச்சு தெறித்தால் தெறிக்கட்டும். தேத்தண்ணி ஊற்றுகிற பெண் உட்பட அத்தனை பேரும் ஒரு தரமாவது அதை இயக்கிப் பார்த்திருக்க வேண்டும். தின்னருக்கு வேறு கொட்டில், தூரத்தில். படியில் ஒரு பலகை கூட இருக்கக்கூடாது. மேலே ஒட்டுகிறவன் இதைக் கழற்று, அதை நகர்த்து என்று சொன்னால், அது உன் அம்மா செய்ததாக இருந்தாலும் சரி, கோயிலில் கட்டித் தந்ததாக இருந்தாலும் சரி, கழற்று. பொறி எங்கே விழும் என்று உனக்கும் எனக்கும் தெரியாது, அவனுக்குத்தான் தெரியும். அவன் முடித்த பிறகு வாளியோடு ஒருவன் அரை மணித்தியாலம் நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் நீ நில். நாள் வைத்தாயிற்று என்று சொல்லாதே. நாளை மாற்ற முடியாத அளவுக்கு எந்த விடுதியும் பெரிதல்ல.

இவை ஒன்றும் நீ அறியாதவை அல்ல. பல்கலைக்கழகத்தில் படித்துப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவன் நீ. தெரியாமல் செய்தவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்து செய்தவனுக்கு அம்மா எழுதுவதால் என்ன வந்துவிடப் போகிறது என்று பேனையை மூடி வைக்கத்தான் பார்த்தேன். பிறகு யோசித்தேன், அப்படி மூடி வைத்தது போதும்.

ஆகவே நேற்று, செவ்வாய்க்கிழமை, மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாலு பக்கம் கைப்பட எழுதிக்கொண்டு போயிருந்தேன். வெருளியை யார் தைத்தது, உள்ளே என்ன இருந்தது, எதற்கு மேலே தொங்கியது, சிலிண்டர்கள் எங்கே பூட்டியிருந்தன, திறப்பு யாரிடம் இருந்தது, யோகன் காலையில் உன்னிடம் என்ன கேட்டதாகச் சொன்னான், ஞாயிற்றுக்கிழமை நீ விறாந்தையில் என்ன சொன்னாய், எல்லாம் இருக்கிறது. ஸ்ரெல்லாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தில் என் பெயரும் விலாசமும் எழுதி, அவள் கண் முன்னால் கையெழுத்து வைத்து அவளிடமே கொடுத்துவிட்டேன். அவள் அதை வெள்ளிக்கிழமை விசாரணைக்குக் கொண்டு வருவாள். நானும் அவளோடு வருவேன்.

உன்னுடைய கடதாசியில் நீ இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்று சிவா சொன்னான். இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. ஒன்றை மாற்றத்தான் வேண்டும். என்னுடையது மாறாது.

அம்மா